சரிவில் நிறுத்திய கார்

மலையூர்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வண்டியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். காலையில் செல்ஃப் எடுக்கவில்லையென்றால் சாவியைத் திருப்பி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வண்டி நாலடி உருண்டதும் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கொடைக்கானலுக்குத் தெற்கே, பாம்பாறு பக்கமாக இறங்கும் ஒடுங்கிய சாலையில், சோலைக்காட்டின் ஓரமாக இருக்கும் வட்டக்கானலில் கார் நிறுத்தச் சமதரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிலமே இந்த வசதியைச் செய்து கொடுக்கிறது. மழைக்கும் மேகத்துக்கும் நடுவே பழைய அம்பாசடரையோ டீசல் ஜீப்பையோ கார்புரேட்டர் காலத்து மாருதி 800ஐயோ வைத்து நாட்களை ஓட்டுகிறவருக்கு இது பெரிய உதவிதான். ஆனால் வண்டியில் என்ன கோளாறு என்ற கேள்வி இந்த உதவியாலேயே தள்ளிப்போகிறது. சமவெளியில் முதல் நாளே எழுந்துவிடும் கேள்வி, மலையில் மாதக்கணக்கில் எழாமல் கிடக்கும். பழைய காரின் சார்ஜ் கோளாறுகளை, அது வேலை செய்யும்போது சுமையேற்றி அளந்துதான் கண்டுபிடிக்க முடியும் என்பது என் கட்சி. உருட்டி ஸ்டார்ட் செய்வதும், பேட்டரியை மாற்றிப் பார்ப்பதும், நாம் நம்பியிருக்கும் மற்றக் குறுக்குவழிகளும் அந்த அளவையை நடக்கவிடாமல் செய்கின்றன.

சார்ஜ் ஏறவில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு முழுச் சுற்று இருக்கிறது. இன்ஜின் சுழல்வதை ஃபேன் பெல்ட் வாங்கி டைனமோவுக்கோ ஆல்டர்னேட்டருக்கோ கொடுக்கிறது. அது உண்டாக்கும் மின்சாரத்தை ரெகுலேட்டர் அளவுக்குள் வைக்கிறது. வயர் அதை பேட்டரிக்குக் கொண்டுபோகிறது. போன மின்சாரம் பாடி வழியாக, எர்த் வழியாக, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. இந்தச் சுற்றில் எங்கே அறுந்தாலும், தளர்ந்தாலும், உப்புப் பூத்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: காலையில் பேட்டரி இறங்கியிருக்கும். அதனால்தான் பேட்டரியின் மேல் பழி விழுகிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்து, 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை உத்தர்பாராவில் உற்பத்தியான அம்பாசடரையே எடுத்துக்கொண்டால், அதன் ஆயுளுக்குள்ளேயே இந்தச் சுற்று அடியோடு மாறியது. பழைய வண்டிகளில் டைனமோவும், அதன் பக்கத்தில் கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் அடங்கிய பெட்டியும் இருந்தன. பின்னால் வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். 1961இல் நிறுவப்பட்டு, சென்னை பாடியில் இயங்கும் லூகாஸ்-டிவிஎஸ் போன்ற ஆலைகள் இந்தியச் சாலைகளுக்கு இவற்றைச் செய்து தந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உள்ளே இரண்டுக்கும் குணம் வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் ஒன்றுக்குப் பழகிய வைத்தியத்தை மற்றதற்குச் செய்வதால் வரும் சேதத்தைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் மலைக்கு வருவோம். பேட்டரியைக் கொல்வது வெயில். வெப்பம் கூடக் கூட உள்ளே ஈயத் தகடுகள் விரைவாக அரிக்கப்படுகின்றன, தண்ணீர் வற்றுகிறது. குளிர் பேட்டரியைக் கொல்வதில்லை. அதன் வேதிவினையை மந்தமாக்குகிறது. பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போது, முழு சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரியே தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போல இழந்துவிடுகிறது. அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டு, செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் கேட்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது காற்றின் வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரியாவது குறைகிறது. ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளும் உண்டு. ஆகவே கீழே சித்திரை வெயிலில் பாதி செத்துப்போன பேட்டரி, கீழே இருக்கும் வரை வண்டியைக் கிளப்பிக்கொண்டுதான் இருக்கும். மலைக்கு வந்து இரண்டு இரவு கழிந்ததும் கையை விரிக்கும். குற்றம் நடந்தது சமவெளியில், பழியோ மலைக்குளிருக்கு. இந்த மாதிரி குற்றத்துக்கும் விளைவுக்கும் இடையில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் அனுபவம் மட்டும் நமக்குச் சரியான பாடத்தைக் கற்றுத் தராது. ஹைட்ரோமீட்டர் கற்றுத் தரும். மூடியைத் திறந்து ஆறு செல்களின் அசிடையும் உறிஞ்சிப் பார்த்தால், ஐந்து செல்கள் ஒரே ஒப்படர்த்தி காட்டி ஒன்று மட்டும் 0.050 குறைந்து நிற்பது தெரியும். அந்த ஒரு செல் போய்விட்டது. குளிர் அதைக் காட்டிக்கொடுத்ததோடு சரி. ஆறும் ஒரே அளவில் சேர்ந்து தாழ்ந்திருந்தால் பேட்டரியை விட்டுவிட்டு, அதற்குச் சோறு போடாதது எது என்று தேட வேண்டும்.

சரிவுக்குத் திரும்பி வந்தால், உருட்டி ஸ்டார்ட் செய்வது எதை மறைக்கிறது என்று பார்க்கலாம். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் இன்ஜின், ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரமே இல்லாமல் ஓடும். சரிவு கிடைத்தால் அப்படிப்பட்ட ஜீப்புக்கு பேட்டரி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. இருட்டியபின் விளக்கைப் போடும்போதுதான் உண்மை தெரியும். டைனமோ உள்ள பெட்ரோல் காருக்கும் ஒரு சலுகை உண்டு. அதன் இரும்பில் எப்போதும் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கும். பேட்டரி வெறுமையாக இருந்தாலும் வேகம் கிடைத்தால் அது தானே மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிடும். ஆல்டர்னேட்டருக்கு அந்த வசதி அநேகமாகக் கிடையாது. அதன் ரோட்டருக்கு முதல் மின்சாரம் பேட்டரியிலிருந்து, டாஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கின் வழியாக, வர வேண்டும். பேட்டரி அறவே செத்திருந்தால் எவ்வளவு உருட்டினாலும் பயனில்லை. மீறி ஓடினாலும், காலியான பேட்டரியை நிரப்பும் பாரம் முழுவதும் ஆல்டர்னேட்டரின் மேல் விழுந்து அது சூடேறிப் போகும். உருட்டுவது ஒரு கைத்திறன், அதில் என்ன தவறு என்று கேட்கலாம். கைத்திறன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேக்கம் பூஸ்டர் உள்ள கார்களில் இன்ஜின் ஓடாதபோது பிரேக் மிதி கல்லாகிவிடும். ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் கால்நடையாக டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனை பார்க்கப் போகும் கூட்டமுமாக இருக்கும் சாலையில், இன்ஜின் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் வண்டியை உருளவிடுவது எல்லோருக்குமான ஆபத்து.

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். மின்கோளாறு ஓய்வில் தெரியாது. பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது, டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அலறுகிறது; ஆனால் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்ற சத்தத்தோடு சரி. பேட்டரி நன்றாயிருக்கிறது, செல்ஃப் மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி அதைக் கழற்றுவார்கள். கணக்கு வேறு சொல்கிறது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் 200 ஆம்பியர் அளவில் இருக்கும். வழியில் ஏதோ ஓர் இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டரில் அதைத் தடையாக அளக்கவே முடியாது. டெஸ்ட் லாம்ப் இழுக்கும் அரை ஆம்பியருக்கு அந்தத் தடை ஒரு பொருட்டேயல்ல. 200 ஆம்பியர் ஓடும்போது அதே இடத்தில் 2 வோல்ட் காணாமல் போகிறது, 400 வாட் வெப்பமாகிறது. நைந்துபோன கிணற்றுக்கயிறு வெறுங்குடத்தைச் சிரமமின்றித் தூக்கும், நிறைகுடத்தில்தான் அறும். ஆகவே காயில் வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பிடிக்காதபடி செல்ஃபை நாலைந்து விநாடி சுற்றவிட வேண்டும். அது சுற்றும்போது ஒவ்வொரு இணைப்பாக அளக்க வேண்டும். பேட்டரியின் முனைகளில் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பேட்டரியில் பத்தரை நின்று, செல்ஃபில் எட்டரைதான் வருகிறதென்றால் இடையில் எதுவோ தின்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துப் பார்த்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

அந்தக் கடைசி அளவைப் பலரும் எடுப்பதில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் மின்தொடர்பு தருவது பின்னிய செம்புப் பட்டை ஒன்று. ஈரமும் எண்ணெயும் படிந்து, முறுக்கு முறுக்காகப் பச்சை பூத்து, ஒரு பக்கம் நாலு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆண்டில் பாதி நாள் மேகம் வந்து தொட்டுவிட்டுப் போகும் வட்டக்கானலில் இது சீக்கிரம் நடக்கும். பட்டை அறுந்தால் 200 ஆம்பியர் சும்மா நின்றுவிடாது. திரும்பிப் போக வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று இன்ஜினையும் பாடியையும் தொடும் மெல்லிய கம்பி எதுவானாலும் அதில் பாயும். நாலு முறை செல்ஃப் அடித்தபின் சோக் கேபிளைத் தொட்டால் சுடும். சில வண்டிகளில் அதன் பிளாஸ்டிக் உறை உருகியே இருக்கும். கேபிள் இறுகிவிட்டது என்று புதுக் கேபிள் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கேபிளில் கோளாறே கிடையாது; அது வேறொருவர் செய்ய வேண்டிய வேலையைச் செய்து வெந்துபோயிருக்கிறது.

சார்ஜ் பக்கத்திலும் இதே ஒழுங்குதான். சாவியைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பல்ப் போயிருக்கலாம், பல்ப் போனதாலேயே ஆல்டர்னேட்டர் விழிக்காமல் இருக்கலாம். சில ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் போட்ட கதை இப்படித்தான் நேர்கிறது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கி வைத்து அளந்தால் 13.8இலிருந்து 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்ட பிறகும் பேட்டரியின் ஓய்வு வோல்ட்டுக்கு மேலேயே அது நிற்க வேண்டும். விளக்கில்லாமல் 14 காட்டி, விளக்குப் போட்டதும் பன்னிரண்டரைக்கு விழும் ஆல்டர்னேட்டரில் ஒரு டயோடு போயிருக்கக்கூடும். மீட்டரை ஏசியில் வைத்துப் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் துடிப்புத் தெரியும். வண்டி நிற்கும்போதே பேட்டரி இறங்குகிறதென்றால் எர்த் வயரைக் கழற்றி இடையில் ஆம்பியர் மீட்டரைச் சேர்த்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அணையாமல் கிடக்கும் 5 வாட் டிக்கி விளக்கு ஒன்று 0.4 ஆம்பியர் வீதம் ஒரு நாளில் 10 ஆம்பியர்-மணி தின்றுவிடும். நாலு நாள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது 40 ஆம்பியர்-மணி பேட்டரி காலி.

இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் சில நொறுங்கிப் போகின்றன. குட்டிக் குட்டித் தூரமாக ஓட்டி அடிக்கடி ஸ்டார்ட் செய்வதால்தான் பேட்டரி இறங்குகிறது என்பார்கள். 200 ஆம்பியர் வீதம் ஐந்து விநாடி செல்ஃப் அடித்தால் செலவு 0.3 ஆம்பியர்-மணிகூட இல்லை. உபரியாகப் பத்து ஆம்பியர் கிடைத்தால் இரண்டு நிமிடத்தில் அது திரும்பி வந்துவிடும். உண்மையான செலவு வேறிடத்தில் நடக்கிறது. பழைய பல்புகள் கொண்ட ஹெட்லைட்டுகளுக்கு 7 ஆம்பியர், வைப்பருக்கு 3, இக்னிஷனுக்கு 3, பின்விளக்குகளுக்கு 2 என்று வைத்தால் மூடுபனியில் மொத்தம் 15 ஆம்பியர். டைனமோ ஐடிலில் எதையும் தருவதில்லை, கட்-அவுட் அதை பேட்டரியிலிருந்து பிரித்துவிடும். சீசனில் பெருமாள்மலைக்கும் வெள்ளி அருவிக்கும் இடையே வண்டிகள் ஊர்ந்து நிற்கும் நெரிசலில், விளக்கைப் போட்டபடி ஒரு மணி நேரம் நின்றால் 15 ஆம்பியர்-மணி போய்விடும். அது ஐம்பது ஸ்டார்ட்டுக்குச் சமம். நகரத் தொடங்கிய பின்னும் ஏறத்தாழ 20 ஆம்பியர் தரும் டைனமோவில் அந்த விளக்குகளுக்குப் போக மிச்சம் 5தான். இழந்ததை மீட்க மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானது நெரிசலைக் கருதித்தான். நெரிசலில் முதலில் சாகும் வண்டி எது என்று கேட்டால், டைனமோ வைத்த வண்டி என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். இங்கே கோளாறு எந்தப் பாகத்திலும் இல்லை. எல்லாம் சரியாயிருந்தும் பேட்டரி இறங்குகிறது. மாற்றுவதற்கு ஒன்றுமில்லாத இந்த நிலையை, பாகங்களை மாற்றியே பழகிய கண்ணால் பார்க்கவே முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது பழைய மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். மீட்டரே தொடாமல், சத்தத்தைக் கேட்டும் டெர்மினலைத் தொட்டும் கோளாறைச் சொன்னவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களை மறுக்க எனக்கு மனமில்லை, தேவையுமில்லை. செல்ஃப் அடித்த கையோடு டெர்மினலைத் தொட்டு, சுடுகிறது, இங்கேதான் என்று சொல்பவர் 400 வாட் வெப்பத்தை விரலால் அளந்திருக்கிறார். சுமையேற்றிப் பார்த்தல் என்று நான் சொல்வதும் அதையே. ஆனால் கைப்பழக்கம் தான் பிறந்த இயந்திரத்தையும் சேர்த்தே சுமந்து வருகிறது. டைனமோ காரில் ஐடிலில் சிவப்பு விளக்கு மினுங்கினால் அது இயல்பு. அதையே ஆல்டர்னேட்டர் காரிலும் இயல்பு என்று விட்டால், கோளாறு கண்ணெதிரே எரிந்துகொண்டிருக்கும். பெல்ட் அறுந்தாலும் அதே விளக்குத்தான் எரியும். அந்த பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது என்பதால் ஏற்றத்தில் அதைக் கவனிக்காதவர் இன்ஜினையே இழப்பார். இன்னொரு பழக்கம் இதைவிட மோசமானது: இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது. டைனமோ காலத்தில் அது பெரும்பாலும் தப்பித்துக்கொண்ட சோதனை. ஆல்டர்னேட்டரில் வயரைப் பிடுங்கிய கணத்தில் வோல்ட்டேஜ் பலமடங்கு எகிறி டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடலாம். சோதனையே கோளாறை உண்டாக்குகிறது. பிறகு ஆல்டர்னேட்டர் போயிருக்கிறது என்ற தீர்ப்பும் உண்மையாகிவிடுகிறது. கைப்பழக்கத்தின் மேல் மரியாதை உள்ளவர்களே அதைக் காலத்துக்குக் காலம் மீட்டரோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

அடுத்தது காசுக் கணக்கு. அளந்துகொண்டிருக்க யாருக்கு நேரம், ஒரு புது பேட்டரியைப் போட்டால் வேலை முடிந்தது என்பார்கள். முடிவதில்லை. 13 வோல்ட்டுக்கு மேல் ஏறாத சார்ஜில் போட்ட புது பேட்டரி, சில வாரம் தன் சொந்த இருப்பில் வண்டியை ஓட்டிவிட்டுப் பழையதைப் போலவே தகடுகளில் சல்ஃபேட் படிந்து போய்விடும். அந்தச் சில வாரங்களே ஏமாற்றுபவை: மாற்றியது சரிதான் என்று நிரூபணம் ஆனதுபோல் தோன்றும். ஒரு பாகத்தை மாற்றியபின் கோளாறு போய்விட்டால்கூட, போனது அந்தப் பாகத்தாலா, அதை மாற்றும்போது டெர்மினலைச் சுரண்டி இறுக்கியதாலா என்பது யாருக்கும் தெரியாது. மலையில் இதன் விலை அதிகம். ஆர்மேச்சர் வைண்டிங்குக்கும் டயோடு தட்டுக்கும் பெரும்பாலும் கீழே வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரை என்று இறங்க வேண்டியிருக்கும். தவறான பாகத்தைக் கழற்றி அனுப்பினால் வண்டி ஒரு வாரம் நிற்கும். அளவு எடுப்பதில் இன்னொரு ஆதாயம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனின் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. தனியொரு நாளின் படத்தைவிட அந்த நீண்ட வரிசைதான் ஆராய்ச்சியாளருக்குப் பேசுகிறது. பானெட்டுக்குள் ஒட்டிய அட்டையில் மாதம் ஒருமுறை மூன்று எண்களை எழுதி வைத்தால், ஓய்வில் எவ்வளவு, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு, விளக்கோடு ஓடும்போது எவ்வளவு என்று, பேட்டரி கையை விரிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த வரிசை சரியத் தொடங்குவது தெரியும். மலையில் வாழும் வண்டிக்கும் கீழே வாழும் வண்டிக்கும் ஒரே எண் சரியாகாது என்பதும் அதில்தான் தெரியவரும்: வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் பேட்டரிக்கு 0.02 வோல்ட் கூடுதலாக வேண்டும். மதுரை வெயிலில் போதுமாயிருந்த 13.9, வட்டக்கானல் டிசம்பரில் பசியோடு விட்டுவிடும்.

பழைய காரை ஏன் கட்டி மாரடிக்க வேண்டும், புதுக் கார் தன் கோளாறைத் தானே சொல்கிறதே என்ற வாதம் எனக்கு அவ்வளவு கனமாகத் தெரியவில்லை. ஸ்கேனரும் வோல்ட்டேஜ் குறைவு என்றுதான் எண்ணைக் காட்டும். எர்த் பட்டை அறுந்ததா, பெல்ட் தளர்ந்ததா என்று இறங்கிப் பார்க்க வேண்டியவர் அங்கேயும் மனிதரே. ஆனால் எந்தப் பழைய வண்டியையும் எந்த விலை கொடுத்தும் ஓட்டியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 15 ஆண்டு கடந்த தனியார் கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. புதுப்பிக்கக் கட்டணம் கட்டும் முன் வண்டி அதற்குத் தகுதியா என்று அளந்தே முடிவு செய்யலாம். ஓரிரு இணைப்புகளில் மட்டும் வோல்ட் குறைந்தால் சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவினால் போதும். எந்தக் கிளையில் மீட்டரை வைத்தாலும் அரை வோல்ட், முக்கால் வோல்ட் என்று குறைந்து, வயரை வளைத்தால் உறை வெடித்துச் செம்பு கறுத்துத் தெரிந்தால், பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் மாற்றிப் பயனில்லை. வயரிங் முழுவதையும் புதிதாக இழுக்க வேண்டும், அல்லது வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். அந்த முடிவை எடுக்கும் வரை இரவில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி வைக்க வேண்டும், ஏனென்றால் உறை வெடித்த வயர் உள்ள காரில் பேட்டரி இறங்குவதைவிடப் பெரிய ஆபத்து தீ.